மரகதம் தைச்ச ஓரம்

அம்முணி, சித்த அசையாம உக்காரு. உன்ற சீலையில ஃபால்ஸ் ஒரு சாணுக்குப் பிரிஞ்சு தொங்குது. கோத்தகிரி ஸ்டாண்டுல நீ ஏறும்போதே பாத்துட்டேன். செருப்புல மாட்டுச்சுன்னா மேட்டுப்பாளையத்துல எறங்கறப்ப குப்புறத்தான் விழுவே. ஊசி நூலு என்கிட்ட எப்பவும் இருக்கும். காலைச் சித்த இப்படித் தள்ளு, நாலு வளைவு திரும்பறதுக்குள்ள அடிச்சுக் குடுத்தர்றேன்.

வேண்டாங்கறியா? ஏன்? எனக்கென்ன சிரமம்?

சரி சரி, வேண்டாம். உள்ள வெச்சுட்டேன், பாரு. நீ கேக்கறதுக்கு முன்னாலயே நானா ஊசியை எடுத்துட்டேன். அந்தப் புத்திதான் என்னை இன்னிக்கு இந்த மூட்டையோட பஸ்ஸேத்தி விட்டிருக்குது.

இதா? போர்வை. வைகாசி வெயில்ல காரமடைக்குப் போர்வை தூக்கிட்டுப் போறவளை எங்கியாச்சும் பாத்திருக்கயா? கண்டக்டர் கூடக் கேட்டான், "ஏம்மா, கீழ அவ்வளவு குளுரா"ன்னு. நானும் சிரிச்சு வெச்சேன். வேற என்ன பண்றது.

என்ற பேரு கனகமணி. எங்க லைன் வீடுகள்ல எல்லாரும் கனகுன்னுதான் கூப்புடுவாங்க. எங்கூட்டுக்காரர் போயி எட்டு வருஷமாச்சு, பையன் ஓசூர்ல இருக்கறான். எனக்குத் துணை தையல் மிஷின்தான். மழை நாள்ல கால்மிதி, கைப்பை தைப்பேன். பள்ளிக்கூடம் தொறக்கறப்ப யூனிபாரம். ஐப்பசி முடிஞ்சு பனி எறங்குச்சுன்னா ஒட்டுப் போர்வை. பழைய சீலை, டெய்லர் கடை வெட்டுத் துணி எல்லாத்தையும் சதுரஞ் சதுரமா வெட்டிச் சேத்து, உள்ளுக்குள்ள பழைய வேட்டியை நாலா மடிச்சு வெச்சு அடிக்கறது. காத்தாலயெல்லாம் தனியா உக்காந்து வெட்டுவேன். அந்த நேரத்துக்கு யாராச்சும் கதவைத் தட்டுனாக்கூட எனக்குக் கோவம் வரும். அவ்வளவு சொகமா இருக்கும்.

மத்தியானம் ரெண்டு மணியாச்சுன்னா மூணு பேரும் வந்துருவாங்க. பிலோமினா டீக்குத் தொட்டுக்க வர்க்கி கொண்டாருவா. ஜமீலா ஃபிளாஸ்க்குல டீ. மரகதம் ஒண்ணும் கொண்டார மாட்டா, வாயை மட்டும் கொண்டாருவா. அந்த வாய் போதும். ஒரு தடவை நான் ஜமீலாவோட தையலைப் பிரிச்சு மறுபடி போடச் சொல்லிட்டிருந்தேன். மரகதம் சொல்றா, "கனகு செத்துப்போனா யாரும் வெசனப்பட வேண்டாம் புள்ளைகளா, பாடையில கோணலாப் படுக்க வெச்சம்னா அவளே எந்திரிச்சு நேராப் படுத்துக்குவா"ன்னு. பிலோமினாவுக்கு டீ பொரையேறி மூக்குல வந்துருச்சு. நானுந்தான் சிரிச்சேன். ஆனா அம்முணி, ஜமீலாவோட தையலைப் பிரிக்கத்தான் வெச்சேன்.

நேரா இருக்கோணும் எனக்கு. என்ன தப்பு? எங்கூட்டுல இருந்து போற போர்வைன்னா ஊருக்கே தெரியும். யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு.

வருஷத்துக்கு ஒரு போர்வை மட்டும் நாலு பேருஞ் சேந்து தைக்கறது. அதை விக்க மாட்டோம். லைன்ல எந்த வீட்டுல கொழந்தை பொறக்குதோ அந்த வீட்டுக்கு. பச்சக் கொழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுல்ல, பழகுன துணிதான் மேல படோணும். அதனால நாலு பேரும் கட்டிக் கட்டி மெத்துன்னு ஆன சீலையா எடுத்துட்டு வருவோம். நடுவுல நான் மிஷின்ல அடிப்பேன். நாலு ஓரமும் கைத்தையல். ஆளுக்கொரு ஓரம். எந்த ஓரம் யாரு தைச்சதுன்னு பாத்தாலே சொல்லிரலாம்.

போன வருஷம் யாருக்குன்னு சீட்டுப் போட்டுப் பாக்க வேண்டியிருக்கல. மரகதத்தோட மக பூங்கோதைக்குத்தான்னு முடிவாயிருச்சு. காரமடையில குடுத்த புள்ளை. கல்யாணமாயி ஒம்பது வருஷங் கழிச்சு உண்டாயிருந்தா. மரகதம் அந்தச் சேதியைச் சொல்ல எங்கூட்டுக்கு ஓடியாந்தப்ப ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு.

அது ஆடியில. ஆவணியில மரகதத்துக்கு ஒரு நாள் பல்லு வெளக்கறப்பவே வாய் இழுத்துக்கிச்சு. லேசான பக்கவாதம்னு டாக்டர் சொன்னாரு. வாய் சரியாயிருச்சு, நடையும் வந்துருச்சு. வலது கைதான் வரல. வெரலு மடங்காது. டம்ளரைப் புடிச்சா நழுவிரும்.

இப்பப் பாரு, தலைப் பெரசவம் தாய் வீட்டுலதான. ஏழாம் மாசம் தாய் வீட்டுக்காரங்க கட்டுச்சோறு கட்டிட்டுப் போயி, விருந்து போட்டு, புள்ளையைக் கூட்டிட்டு வரோணும். ஆனா காரமடைச் சம்பந்தியம்மா ஃபோன்ல சொல்லிப்போட்டாங்க. "உங்க கை இப்படி இருக்கறப்ப எப்படீங்க சம்பந்தி? பச்சக் கொழந்தையைக் காலுல போட்டுத் தண்ணி ஊத்தோணும், புள்ளைக்குப் பத்தியம் பாக்கோணும். இங்கயே இருக்கட்டுமே"ன்னு. தப்பாச் சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. பயந்தாங்க. ஒம்பது வருஷங் காத்திருந்த கொழந்தை.

மரகதம் அன்னிக்கு மத்தியானம் வந்து எங்க மூணு பேர்கிட்டயும் சொன்னா. "என்ற ஓரத்தை நான் இடது கையிலயே தைக்கப் போறேன். வலது கையைத் துணி மேல ஊணிக்கறேன். தைச்சு, அதைச் சம்பந்தியம்மா கண்ணு முன்னால விரிச்சுப் போட்டு, பாருங்க, ஊசி புடிக்கற கை கொழந்தையைப் புடிக்காதான்னு கேக்கப் போறேன்."

கேட்டியா? எதுக்குத் தைக்கறாள்னு எனக்குத் தெரியும். தெரியாம நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு ஓரம், மூணு வாரம் தைச்சா. மார்கழிக் குளுருல வெரலு வெறைச்சுப் போயிருக்கும், அப்பவும் தைப்பா. பச்சை நூலுதான் அவ கண்ணுக்கு நல்லாத் தெரியுதுன்னு பச்சை. முடிச்சுப் போட முடியாது, பல்லுல கடிச்சுக்கிட்டு இழுப்பா. ஒரு தையல் நெல்லு நீளம், அடுத்தது வெரலு நீளம். மேல ஏறும், கீழ எறங்கும். கடைசித் தையல் போட்ட அன்னிக்கு ஜமீலா கை தட்டுனா. பிலோமினா வர்க்கியைப் பிச்சு அவ வாயில ஊட்டி விட்டா. மரகதம் அழுதுட்டா. நானும் கை தட்டுனேன். நெசமாத்தான் தட்டுனேன்.

அவங்க போனாங்க. மணி அஞ்சரை இருக்கும். போர்வையை மடிக்கலாம்னு விரிச்சேன். மூணு ஓரம் நேரா இருக்குது, ஒரு ஓரம் மட்டும் இப்படி. மடிச்சேன். மறுபடி விரிச்சேன். அந்தச் சம்பந்தியம்மா இருவது வருஷம் காரமடையில லேடீஸ் டெய்லர் கடை வெச்சிருந்தவங்க. அவங்க இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? கை வரலைன்னுதான நெனைப்பாங்க? நேரா இருந்தா, அடேயப்பா, கை நல்லா வந்துருச்சேம்பாங்க. மரகதத்துக்கு நல்லதுதான? அப்படித்தான் எனக்குத் தோணுச்சு.

பிரிச்சேன். மூணு வாரத் தையல் கால் மணி நேரத்துல வந்துருச்சு. அதே பச்சை நூலுல, பழைய ஊசி ஓட்டையெல்லாம் மறையற மாதிரி, நான் தைச்சேன். தைச்சு முடிச்சுப் பாத்தப்ப எனக்கு அவ்வளவு திருப்தி. சொல்றதுக்கே நாக்கு கூசுது. அன்னிக்கு நல்லாத் தூங்குனேன். காத்தால மடிச்சுக் கட்டி வெச்சுட்டேன், கட்டுச்சோறு வரைக்கும் யாரும் பிரிச்சுப் பாக்கல.

அவளுக்கு நல்லதுன்னு செஞ்சேன்னு சொன்னேன்ல? அது பாதிதான் அம்முணி. மீதியையும் சொல்லிர்றேன், நீ யாரோ நான் யாரோ. இருவது வருஷ டெய்லர் அதைப் பாத்துட்டு, கோத்தகிரி கனகு வீட்டுப் போர்வை இதானான்னு கேட்டுட்டா? அதுதான் எனக்கு மொதல்ல. மரகதம் பொறகுதான்.

தையில கட்டுச்சோறு. ஏழு வகைச் சோறு கட்டி வேன் புடிச்சுப் போனோம். பூங்கோதையை உக்கார வெச்சுக் கூட்டிட்டு வரோணும்னு மரகதம் முன்சீட்டுல தலகாணி போட்டு வெச்சிருந்தா. அந்த வீடு பூரா ஒரம்பரை, சொந்தபந்தம் அம்பது பேருக்குக் கொறையாது. வளையல் தட்டுக்குப் பக்கத்துல போர்வையை விரிச்சாங்க. மரகதம் நல்லாச் சத்தமாச் சொன்னா, "இந்த ஓரம் நான் தைச்சதுங்க சம்பந்தி, இடது கையில. மூணு வாரம் ஆச்சுங்க"ன்னு. சொல்றப்ப அவ போர்வையைப் பாக்கல. அவங்க மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தா.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டுனாங்க. ஓரத்தை வெரலால தடவுனாங்க. திருப்பிப் பின்பக்கம் பாத்தாங்க. நான் பின்பக்கமுஞ் சுத்தமாத்தான் முடிச்சிருந்தேன். "இதுங்களா நீங்க தைச்சது?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் மரகதம் குனிஞ்சு பாத்தா.

பாத்துட்டு, என்னைப் பாத்தா. ஒரே ஒருக்கா.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இது பழகுன கை. வலது கை. எனக்குத் தெரியாதுங்களா? கை வரலைன்னா வரலைன்னு சொல்லிருங்க, யாரு உங்களைக் கொறை சொல்லப் போறாங்க? எதுக்குப் பொய்யி?" அப்படீன்னாங்க. கத்தல, சாதாரணமாத்தான் கேட்டாங்க. யாரோ ஒரு கெழவி பின்னாலிருந்து, "அப்ப ரெண்டு தையல் இப்பப் போட்டுக் காட்டச் சொல்லு"ன்னா. யாரோ ஊசி குடுத்தாங்க. மரகதம் உக்காந்தா. வலது கையை ஊணிக்கிட்டா. இடது கையில நாலு தையல் போட்டா, அத்தனை பேருக்கு நடுவுல, வேத்து ஊத்துது அவளுக்கு. நெல்லு நீளம் ஒண்ணு, வெரலு நீளம் ஒண்ணு. மேலயுங் கீழயும். அந்தக் கை ஊசி புடிச்சுத் தைக்குதேன்னு ஒருத்தருக்குந் தோணல. போர்வையில இருக்கறது வேற தையல்ங்கறது மட்டும் எல்லாருக்குந் தெரிஞ்சுது.

பூங்கோதை பக்கத்துல வந்து, "ஏம்மா இப்படிப் பண்ணுனே?"ன்னு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. எனக்குக் காதுல விழுந்துச்சு.

அப்ப நான் வாயைத் தொறந்திருக்கோணும். "நாந்தான் பிரிச்சேன்"னு ஒரு வார்த்தை. ஜமீலா என்னைப் பாக்கறா, பிலோமினா என்னைப் பாக்கறா. அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? எத்தனை தடவை அவங்க தையலைப் பிரிச்சிருக்கறேன். நான் எலுமிச்சஞ் சோத்துத் தூக்குக்கு மூடி சரியா இருக்குதான்னு பாத்துட்டு நின்னேன். மூடி சரியாத்தான் இருந்துச்சு.

புள்ளையை அனுப்பல. விருந்து நடந்துச்சு, மரியாதைக்கொண்ணும் கொறையில்ல. முன்சீட்டுத் தலகாணி மேல காலித் தூக்கையெல்லாம் அடுக்கிட்டு மலையேறுனோம். எங்கியோ ஒரு வளைவுல மரகதம் போர்வையை என்ற மடியில வெச்சு, "நீயே வெச்சுக்க கனகு"ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அங்க அம்பது பேர் முன்னால, "இவதான் பிரிச்சா"ன்னு ஒரு வெரலை நீட்டியிருந்தா அவ மகளை அவ கூட்டியாந்திருப்பா. நீட்டல. அதுக்குப் பொறகு எங்கூட்டுப் பக்கம் வரவும் இல்ல. மிஷினுக்கு உறை போட்டது போட்டபடி கெடக்குது.

சித்திரையில பேத்தி பொறந்துச்சு. மரகதம் ஒரம்பரையாட்டம் போயி ஆஸ்பத்திரியில பாத்துட்டு அன்னிக்கே திரும்பிட்டா. இன்னிக்குக் காரமடையில பேரு வெக்கறாங்க. மரகதம் நேத்தே போயிட்டாளாம், ஜமீலா சொன்னா. என்னைக் கூப்புடல. எதுக்குக் கூப்புடோணும்?

கூப்புடலைன்னாலும் போறேன். இந்தா, பிரிச்சுக் காட்டறேன், அந்தப் பக்கம் புடி. நாலு நாளாத் தைச்சேன். நான் போட்ட தையலை எடுத்துட்டேன். என்ற சோத்துக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி மடியில வெச்சுக்கிட்டு, இடது கையிலயே தைச்சேன். பாரு, நெல்லு நீளம், வெரலு நீளம். மேல ஏறுது, கீழ எறங்குது. முடிச்சைக்கூடப் பல்லுல கடிச்சுத்தான் போட்டேன். அப்படியே மரகதம் தைச்ச மாதிரி இல்ல? சம்பந்தியம்மா கண்ணாடி போட்டுப் பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. இதான் அவ தைச்சது, இத்தனை நாளா என்கிட்ட இருந்துச்சுன்னு குடுத்துட்டேன்னு வெய்யி, எல்லாஞ் சரியாயிரும்ல?

என்ன? சத்தமாச் சொல்லு, வண்டி எரைச்சல்ல கேக்கல.

இதுவும் நாந்தான் தைச்சனான்னா கேக்கறே?

ஆமா. நாந்தான்.

இரு. ஒண்ணும் பேசாத. சித்த ஜன்னலைத் தொற.

நாலு நாளு அம்முணி. இடது கை வலிக்க வலிக்கத் தைச்சேன், மரகதம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்னு அழுதுக்கிட்டே தைச்சேன். இது ஒருக்காக் கூட எனக்குத் தோணல பாரு. அவ ஓரத்தை மறுபடியும் நானே தைச்சிருக்கறேன். இதைக் கொண்டு போயி விரிச்சா மறுபடியும் ஒரு பொய்யி. அதையும் அவ பேருல.

இன்னொண்ணும் இருக்குது. அன்னிக்கு யாரோ ஊசி குடுத்தாங்கன்னு சொன்னேன்ல. அம்பது பேருல ஊசி நூலு கையோட வெச்சிருக்கறவ யாரா இருப்பா? நாந்தான். யாரும் என்கிட்டக் கேக்கக்கூட இல்ல. ஊசின்னு சத்தங் கேட்டதும் கை தானா பைக்குள்ள போச்சு. அவளால கோக்க முடியாதேன்னு நானே நூலைக் கோத்து, முடிச்சும் போட்டு, அவ கையில குடுத்தேன். "தேங்க்ஸ் கனகு"ன்னா. எப்பவும் சொல்றாப்புலயே சொன்னா. இதை நான் பிலோமினாகிட்டக்கூடச் சொல்லல. எப்படிச் சொல்லுவேன்?

அம்முணி, எத்தனை வளைவு இருக்குது இன்னும்? நாலா? போதும். அந்த முனையைச் சித்த இழுத்துப் புடி. இல்ல, மடியில வெச்சுக்காத, தூக்கி. என்கிட்டக் குட்டிக் கத்திரி இருக்குது. பிரிச்சர்றேன். பாத்து, வண்டி திரும்புது, கையில குத்திக்காத. பிரிக்கறதுல மட்டும் எனக்குக் கையே நடுங்காது, பாத்தியா. நல்லாப் பழகுன கை.

ஆச்சு. ஓட்டை மட்டும் தெரியுது, தெரியட்டும். மூணு ஓரம் தைச்சு ஒரு ஓரம் பொளந்து கெடக்கற போர்வையை யாராச்சும் பேரு வெக்கற வீட்டுக்குக் கொண்டு போவாங்களா? வேட்டியெல்லாம் வெளிய தொங்குது. எனக்கு இதைப் பாக்கவே முடியல. நூலுக்கண்டும் ஊசியும் பையில இருக்கட்டும். மரகதமாக் கேட்டாத்தான் எடுப்பேன். கேக்கலைன்னா இப்படியே இருந்துட்டுப் போவுது.

அவ தனியா இருக்கறப்பப் பாத்துக் குடுத்துட்டு வந்தரலாம்னு இருந்தேன். பின்பக்கமா, சமையக்கட்டு வழியா. அது பத்தாதுல்ல? அவளை எல்லாரு முன்னாலயுந்தான பொய்க்காரியாக்குனேன். மரகதம் மூஞ்சியைக்கூடப் பாத்துருவேன். அந்தப் புள்ளை பூங்கோதை மூஞ்சியை எப்படிப் பாக்கறது? அது வளையல் போட்ட கையோட நின்னு அவங்கம்மாவைக் கேட்டுச்சே.

வா, சொல்லிப் பாக்கறேன், கேளு. நீதான் சம்பந்தியம்மான்னு வெச்சுக்க.

"ஏனுங்கக்கா, அன்னிக்கு மரகதம் பொய் சொல்லலீங்க. அவதான் தைச்சா. மூணு வாரம் தைச்சா. கோணலா இருக்குதுன்னு நான் அவளுக்குத் தெரியாமப் பிரிச்சுட்டு என்ற கையில தைச்சு வெச்சுட்டனுங்க. அவ தைச்சுக் காட்டுனப்பப் பாத்துட்டுச் சும்மா நின்னதும் நாந்தானுங்க. ஊசியைக் கோத்துக் குடுத்ததும்..."

பாதியில நின்னு போச்சு. இன்னொருக்காச் சொல்றேன், இந்தத் தடவை சரியா வரும்.

என்ன, வேண்டாங்கறியா? இப்படியே சொன்னாப் போதுமா?

சரி. இப்படியே சொல்றேன்.

ஸ்டாண்டு வந்துருச்சு. காரமடை பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது பாரு, நான் ஓடறேன். நீ சீலையைச் சித்த தூக்கிப் புடிச்சுட்டு எறங்கு, அம்முணி.